சும்மா ஓடுறேன்

தோட்டத்தில் ஒருத்தர் ஓடினால் லயத்தில் இருக்கிற எல்லாக் கதவும் திறக்கும். "என்னா, யாருக்கு என்னா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஊரில் ஓட்டம் என்றாலே கெட்ட செய்திதான். மலையில் குளவி கொட்டி யாரோ விழுந்திருப்பார்கள். இல்லாவிட்டால் பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்திருக்கும், வாகனம் பிடிக்க ஆள் ஓடும். மழை நாள் என்றால் மண் சரிந்திருக்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சப்பாத்தை மாற்றிக்கொண்டு, குறுக்குப் பாதையில் ஓட ஆரம்பித்தேன். மேல் லயத்து ஆச்சி ஒருவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "யாருக்கு புள்ள என்னா?" என்று கேட்கும்போது அவர் குரலில் நடுக்கம். "ஒன்னுமில்ல ஆச்சி, சும்மா ஓடுறேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சும்மாவா?" என்றார்.

அந்த "சும்மாவா?" பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலைப்பாதை ஓட்டம், இங்கிலீஷில் ட்ரெயில் ரன்னிங் என்று சொல்வது, இப்போது நம்ம பெடியன்கள், பிள்ளைகள் மத்தியிலும் பேச்சாகி வருகிறது. தார் ரோட்டை விட்டு மண் பாதையில், கல்லில், ஏற்றத்தில், இறக்கத்தில் ஓடுவது. வேலைக்குப் போகிற ஒருவர் இதற்கு எப்படி நேரம் ஒதுக்கலாம் என்று வீடியோக்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. முக்கால்வாசி வீடியோ சொல்வது ஒரே விஷயம்தான்: காலையில் நாலு மணிக்கு எழும்பு. மனசு வைத்தால் நேரம் வரும்.

எங்கள் வீட்டில் நாலரைக்கு அடுப்பு எரியத் தொடங்கிவிடும். அம்மா அந்த நேரத்துக்கு எழும்பி ரொட்டி சுட்டு, தண்ணி பிடித்து, ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். அந்த வீட்டில் நாலு மணிக்கு எழும்பிய மகள், அம்மாவைத் தாண்டி, சப்பாத்து மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவது நடக்கிற காரியமா? மனசு வைத்தால் போதும் என்று சொல்கிறவர்களின் வீட்டில் அந்த நேரத்தில் தேத்தண்ணி போடுகிறது யார் என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி இருக்கு.

என்னுடைய அபிப்பிராயம் இதுதான். நமக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. நம்முடைய நேரம் ஏற்கெனவே யாராலோ எடுக்கப்பட்டிருக்கிறது. கொஞ்சம் வேலைத்தளம் எடுக்குது, கொஞ்சம் பஸ், கொஞ்சம் வீடு, மிச்சம் போன். ஓடுவதற்கு நேரம் "கண்டுபிடிக்க" முடியாது. எடுத்தவர்களிடம் பேசித்தான் திரும்ப வாங்கவேண்டும். அதற்கு முதலில், ஒன்றுக்கும் உதவாத ஒரு காரியத்துக்காக ஒரு மணித்தியாலம் கேட்க எனக்கு உரிமை இருக்கு என்று நாமே நம்பவேண்டும். அதுதான் ஏற்றத்தை விடக் கஷ்டம்.

என் கணக்கைச் சொல்கிறேன். நான் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து பண்டாரவளைக்கு வேலைக்குப் போகிறேன். தனியார் அலுவலகம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், ஒரு கிழமைக்கு 45 மணித்தியாலம், ஒன்றரை நாள் வாராந்த விடுமுறை. மேலதிக நேரம் என்றால் அதற்குத் தனிக் கொடுப்பனவு. இதெல்லாம் எனக்கு வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அதுவரை "கொஞ்சம் இருந்துட்டுப் போங்க" என்று சொன்னால் இருப்பேன். கொஞ்சம் என்பது ஆறரை மணி. கொடுப்பனவும் இல்லை, நன்றியும் இல்லை.

செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்குக் கட்டாயம் கிளம்பவேண்டும் என்று நான் சொன்ன நாள் மேசையைச் சுற்றி ஒரு அமைதி. "ஏதும் கிளாஸ் போறீங்களா?" என்று கேட்டார்கள். கிளாஸ் என்றால் சரி, சுகமில்லாத அம்மா என்றாலும் சரி. "ஓடப் போறேன்" என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. "ஓம், ஒரு வகுப்பு மாதிரி" என்று சமாளித்தேன். பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டேன். மூன்றாவது மாதம்தான் உண்மையைச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள், ஒரு அக்கா மட்டும் சப்பாத்து எங்கே வாங்கினது என்று கேட்டார்.

ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஐந்தே முக்காலுக்குள் எங்கள் இறக்கத்துக்கு வந்துவிடலாம். நம்ம நாட்டில் வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். கையில் இருப்பது அரை மணித்தியாலம்தான். அந்த அரை மணித்தியாலத்துக்குள் வீட்டுக்குப் போய், உடுப்பு மாற்றி, திரும்ப வெளியே வந்து ஓடுவதெல்லாம் முடியாது. வீட்டுக்குள் கால் வைத்தால் வேலை பிடித்துக்கொள்ளும். அதனால் வீட்டுக்குப் போகிற வழியையே ஓட்டமாக்கினேன். அலுவலகத்திலேயே ட்ராக் பொட்டம் மாட்டிக்கொள்வேன். வழமையான தரிப்புக்கு முன் தரிப்பில் இறங்குவேன். தேயிலை மலைக்கு நடுவால் மேலே ஏறும் குறுக்குப் பாதை, கிட்டத்தட்ட மூன்று கிலோமீற்றர். சோற்றுப் பெட்டி காலியாகத்தான் இருக்கும், பை பாரமில்லை. நடந்தால் ஐம்பது நிமிஷம், இப்போது முப்பதுக்குள்.

கிழமையில் இரண்டு நாள் அரை மணித்தியாலம், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணித்தியாலம். மொத்தம் 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஆக இது ஒன்றும் பெரிய வீரம் இல்லை, மனிதருக்குத் தேவையான ஆகக் குறைந்த அளவு. போயா தினம் லீவு என்றால் கொஞ்சம் தூரம் போவோம். மாத முடிவு வேலை அதிகம் என்றால் ஞாயிறு மட்டும். விட்ட நாளை அடுத்த கிழமை சேர்த்து ஓடக்கூடாது என்பது நான் எனக்கு வைத்த சட்டம். அப்படிச் சேர்த்து ஓடித்தான் முதல் வருஷம் முழங்கால் வலியில் ஒரு மாதம் படுத்தேன்.

மலையில் கிலோமீற்றர் கணக்கு உதவாது என்பதையும் சொல்லவேண்டும். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீற்றர் நடக்க ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம் சேர்த்துக்கொள். நடக்கிறவர்களுக்குச் சொன்ன கணக்கு, ஆனாலும் விஷயம் விளங்கும். கொழும்புத் தோழி பத்து கிலோமீற்றர் ஓடினேன் என்று படம் போட்டதைப் பார்த்து நான் மூன்று கிலோமீற்றருக்கு வெட்கப்படத் தேவையில்லை. நிமிஷத்தைப் பாருங்கள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். கதைக்க முடியாவிட்டால் வேகம் கூட. ஏற்றத்தில் முழங்காலில் கை ஊன்றி நடப்பது தோல்வி இல்லை, போட்டிக்கு ஓடுகிறவர்களும் அப்படித்தான் ஏறுவார்கள். விழுவது இறக்கத்தில்தான். அங்கே சின்னச் சின்ன அடியாக வைத்து, கண்ணை மூன்று நாலு மீற்றர் முன்னால் வைக்கவேண்டும். கணுக்காலுக்குப் பலம் வர, பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். அதற்குத் தனி நேரம் வேண்டாம்.

இனி வீட்டுப் பேச்சு.

நான் செவ்வாய், வியாழன் அரை மணித்தியாலம் பிந்தி, களைத்து, வேர்த்து வந்தால், அந்த நேரத்து வேலை யார் தலையில் விழும்? அம்மா தலையில். காலையில் இருந்து கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர். அப்படி நடந்தால் என் ஓட்டம் அம்மாவின் காலில் ஓடும் ஓட்டம். அதனால் தம்பியோடு பேசினேன். அந்த இரண்டு நாளும் அவன் சோறு வைத்து, பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றவேண்டும். முதல் கிழமை பருப்பு தீய்ந்தது. இரண்டாவது கிழமை உப்பில்லை. இப்போது என்னை விட நல்லாச் சமைக்கிறான், அது வேறு கதை.

ஓடுகிற தம்பிமாரிடமும் அண்ணன்மாரிடமும் நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீங்க. நீங்கள் ஞாயிறு காலை மூன்று மணித்தியாலம் மலையில் இருக்கும்போது, உங்கள் உடுப்பைத் துவைக்கிறது யார்? நீங்கள் வந்ததும் சாப்பாடு போடுகிறது யார்? "வேலையோடு ஓட்டத்தையும் சமாளிக்கிறேன்" என்று சொல்லும்போது அந்தச் சமாளிப்பில் அம்மாவும் அக்காவும் எத்தனை பங்கு என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். ஓடவேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து துணியைத் துவைத்துவிட்டுப் படம் போடுங்கள்.

பொம்பளைப் பிள்ளைக்கு இன்னொரு தடை இருக்கு, வாய். "கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள, மலையில என்னா ஓட்டம்?" நான் முழு நீள ட்ராக் பொட்டம்தான் போடுகிறேன். அட்டைக்கும் வாய்க்கும் சேர்த்து. இதைச் சமரசம் என்று சிலர் சொல்வார்கள். சமரசம்தான். முதலில் பாதையில் என் கால் இருக்கட்டும், உடுப்புச் சண்டையைப் பிறகு போடலாம் என்று முடிவெடுத்தேன். ஞாயிறு தனியாகப் போவதில்லை. சித்தி மகளும், ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சியும் வருகிறார்கள். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவோம். ஒரு விசில் கையில் இருக்கும். இது பயம் இல்லை, மலையில் எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு.

அம்மா முதலில் என்ன சொன்னாங்க தெரியுமா? "நாங்க ஓடாத ஓட்டமா?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. அம்மாவும் அம்மாயியும் இதே குறுக்குப் பாதையில் ஓடியவர்கள்தான். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப் பேர், அதனால் ஓடினார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் கூடையோடு ஓடினார்கள். பால் குடிக்கிற பிள்ளையைப் பார்க்க மலையில் இருந்து பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினார்கள். அந்தப் பாதைகளே அதற்குத்தான் வெட்டப்பட்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டதில் இருந்து இந்த மலைகளில் நம்ம ஆட்கள் ஏறாத ஏற்றம் இல்லை. ஆனால் அத்தனை ஓட்டமும் இன்னொருத்தர் மணிக்கு ஓடிய ஓட்டம்.

நேபாளத்து மீரா ராய் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு இது கொஞ்சம் பிடிபட்டது. போஜ்பூர் மாவட்டத்து மலைக் கிராமத்துப் பெண். சின்ன வயதில் அரிசி மூட்டை சுமந்து மலையில் ஏறி இறங்கியவர். 2014இல் தற்செயலாகத் தன் முதல் மலை ஓட்டப் போட்டியில் கலந்துகொண்டார். அடுத்த வருஷமே பிரான்சில் மொன் பிளாங் 80 கிலோமீற்றர் போட்டியில் முதலாவதாக வந்தார். அவருடைய காலைப் பழக்கியது அந்தச் சுமைதான். நம்ம மலையகத்திலும் குமார் சண்முகேஸ்வரன், வேலு கிருஷாந்தினி என்று 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்களில் தேசிய மட்டத்தில் வென்றவர்கள் வந்திருக்கிறார்கள். இவர்களைச் சொல்வது எல்லோரும் வெற்றிப் பதக்கம் எடுக்கவேண்டும் என்பதற்காக இல்லை. சுமை தூக்கிப் பழகிய பாதையில் சுமை இல்லாமலும் போகலாம் என்பதற்காக.

இதே மலைகளுக்கு ஊடாகத்தான் இப்போது பெக்கோ ட்ரெயில் போகுது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாப் பக்கம் முடியும் 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பாதை, 22 பகுதிகள். வெளிநாட்டுக்காரர்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். நல்ல விஷயம்தான், சிலருக்கு வருமானமும் வருது. ஆனால் அந்தப் படங்களில் நாம் கூடையோடு நிற்கிற ஆட்களாக மட்டும்தான் இருக்கிறோம். அந்தப் பாதையில் ஓய்வுக்கு வந்த ஆளாக நம்மில் ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். ஒரு ஞாயிறு எங்கள் மூன்று பேரையும் பார்த்த ஒரு வழிகாட்டி அண்ணன் "எந்த ஹோட்டல் ஆளுங்க?" என்று கேட்டார். "இந்தத் தோட்டந்தான் அண்ணே" என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாதை நம்முடையது என்றால் அதற்குரிய மரியாதையும் நம்மிடம் இருக்கவேண்டும். கொழுந்து எடுக்கிறவர்கள் நிற்கிற மலைக்குள் ஓடிப் போகாதீங்க. காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த மலையில் குளவிக் கூடு இருக்கு, எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள் என்று வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். எந்த போன் செயலியிலும் அது வராது. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து போங்கள். அட்டைக்குச் சவர்க்காரம் தடவலாம், உப்பும் உதவும். சப்பாத்து விலை பார்த்துத் தலை சுற்றவேண்டாம், அடியில் குமிழ் வைத்த ரப்பர் இருந்தால் தொடங்கப் போதும்.

மழை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் டிட்வா புயல் அதைத் திரும்பவும் மலைநாடு முழுக்கக் காட்டியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருக்கிற நாட்களில், அது எந்த நிலையாக இருந்தாலும், நாங்கள் ஓடுவதில்லை. நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்றுத் தண்ணி, சாய்ந்த மரம் இதெல்லாம் கண்ணில் பட்டால் வந்து சொல்லுவோம். கிழமைக்கு மூன்று தரம் மலையைச் சுற்றுகிறவர்கள் ஊருக்கு இந்த விதத்தில் பிரயோசனப்படுவார்கள் என்றால் ஆச்சியின் "சும்மாவா?"வுக்கு இது ஒரு பாதிப் பதில்.

மலை இல்லாத இடத்தில் இருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு விட்டுவிடாதீங்க. ட்ரெயில் என்றால் மலை என்று சட்டமில்லை. வயல் வரம்பு, குளக்கட்டு, கடற்கரை மணல் எல்லாம் பாதைதான். மணலில் அரை மணித்தியாலம் ஓடிப் பாருங்கள், ஏற்றத்துக்குக் குறைந்தது இல்லை என்று கால் சொல்லும். வன்னியில் இருக்கிறவர்கள் ஆட்கள் புழங்குகிற பாதையை விட்டு இறங்கவேண்டாம், கண்ணிவெடி அடையாளம் இருக்கிற பக்கம் போகவே வேண்டாம். யானை நடமாடும் இடம் என்றால் விடியலிலும் பொழுது சாய்ந்தும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் எது புழங்கும் பாதை, எது இல்லை என்று சொல்லுவார்கள்.

கடைசியாக ஒரு பயம். இந்த ஓட்டத்தையும் நாம் இன்னொரு கிலோக் கணக்காக்கிவிடுவோமோ என்று. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோக் கொழுந்து. எனக்கு அலுவலகத்தில் மாதத்துக்கு இத்தனை டார்கெட். இனி ஸ்ட்ராவாவில் கிழமைக்கு இத்தனை கிலோமீற்றர். எட்டினால் சந்தோஷம், எட்டாவிட்டால் குற்ற உணர்ச்சி. நாமே நமக்குக் கங்காணி. ஆறு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் மூச்சு வாங்க, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே ஓடியதில், பாதையோரம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு சித்தியைக் கவனிக்காமல் போய்விட்டேன். மறுநாள் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகு மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

வேலைக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நாலு மணிக்கு எழும்பத் தேவையில்லை. சம்பளத்தில் பாதியைச் சப்பாத்துக்குப் போடத் தேவையில்லை. இந்தக் கிழமை ஒரு நாள் நேரத்துக்கு வேலையை விட்டு இறங்குங்கள். காரணம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், நான் செய்த மாதிரி வகுப்பு என்று புளுகாதீங்க. வீட்டில் அந்த நேரத்து வேலையை யார் செய்வது என்று முதலிலேயே பேசி வையுங்கள். பிறகு ஒரு தரிப்புக்கு முன்னால் இறங்கி, வீட்டுக்கு ஓடுங்கள். முடியாத இடத்தில் நடங்கள்.

அம்மா இன்னும் இதை முழுசா ஒத்துக்கொள்ளவில்லை. "கால ஒடச்சிக்கிட்டு வந்து நிக்காத" என்கிற பாட்டு வியாழக்கிழமையும் உண்டு. மேல் லயத்து ஆச்சி மட்டும் இப்போதெல்லாம் கதவைத் திறந்து பதறுவதில்லை. நான் ஓடிப்போகும்போது திண்ணையில் இருந்தபடியே ஒரு தரம் பார்த்துவிட்டு, "சும்மா ஓடுது அது" என்று பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறார்.